உங்கள் ஒழுங்கையின் வரலாற்றைத் தேடப் போகிறீர்களா? கொழும்பில் எங்கே, எப்படித் தொடங்குவது

எங்கள் ஒழுங்கை கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. நாற்பது வீடு தேறாது. மூன்று வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு பழைய வீட்டை இடித்தபோது, குப்பை வண்டியில் ஒரு ட்ரங்குப் பெட்டி ஏறுவதைப் பார்த்தேன். மூடி திறந்து கிடந்தது. உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம், மேலே ஒரு கல்யாணப் படம். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குவதற்குள் வண்டி போய்விட்டது.

அந்த வாரமே அயலில் நாலு பேரும் நானுமாகச் சேர்ந்தோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்தவர், மற்ற இரண்டும் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகள். எங்களில் ஒருவருக்கும் வரலாற்றுப் பட்டம் இல்லை. முதல் எட்டு மாதம் அலைந்த அலைச்சலில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தக் கந்தோரில் எது இருக்கும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

வெளியூர்க்காரருக்குக் கொழும்பு ஒரே நகரம். இங்கே இருப்பவர்களுக்குக் கொம்பனித்தெரு ஓர் ஊர், வெள்ளவத்தை ஓர் ஊர், ஜிந்துப்பிட்டி இன்னோர் ஊர். அப்படி உங்கள் சின்ன ஊரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவருக்குத்தான் இந்தக் குறிப்பு.

1. எல்லையைச் சுருக்குங்கள்

"கொழும்புத் தமிழர் வரலாறு" என்று கிளம்பாதீர்கள். நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம். இரண்டு மாதத்தில் கொப்பி நிரம்பியது, எங்கள் ஒழுங்கையைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. பெரிய இடங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டி, பிறகு அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு உங்கள் உதவி தேவையில்லை. அந்தக் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்த வீடு எது, தேர் வரும்போது எந்த வாசலில் மோர்ப்பந்தல் போட்டார்கள் என்பதை எழுதத்தான் ஆளில்லை.

ஓர் ஒழுங்கை, அல்லது ஒரு கடை வரிசை, அல்லது ஒரு பாடசாலை. பத்து நிமிடத்தில் நடந்து முடிக்கக்கூடிய அளவு போதும். ஒரு பெரிய தாளில் அந்த இடத்தைக் கையால் வரைந்து, இன்றைய வீட்டு இலக்கங்களைக் குறியுங்கள். மரம், கிணறு, பைப், சந்தியில் உள்ள மாதா கூடு, எல்லாவற்றையும் போடுங்கள். அந்தத் தாள்தான் பிற்பாடு எல்லாக் கந்தோருக்கும் உங்களோடு வரும்.

2. கந்தோருக்குப் போகுமுன் வீட்டு அலுமாரி

முதல் இரண்டு மாதம் எந்த அரச கந்தோருக்கும் போகாதீர்கள். அயல் வீடுகளின் அலுமாரியிலும் லாச்சியிலும் இருப்பது வேறெங்கும் இல்லை. பெரும்பாலானவர்கள் "எங்களிடம் பழைய சாமான் ஒன்றும் இல்லையே தம்பி" என்றுதான் சொல்வார்கள். பழைய சாமான் என்று கேட்டால் அவர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு ஞாபகம் வரும். ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கல்யாண அழைப்பிதழ் கேளுங்கள். அதில் இரு வீட்டாரின் பெயர், விலாசம், தேதி மூன்றும் அச்சில் இருக்கும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகங்களை, அதாவது கல்வெட்டுகளை, கேளுங்கள். நமக்குக் கிடைக்கும் பொருட்களில் இதைவிட நல்லது இல்லை என்பேன். வம்சம், பிறந்த ஊர், கொழும்புக்கு வந்த வருடம், செய்த தொழில், கட்டிய கடை எல்லாம் சில பக்கத்துக்குள் கிடைக்கும். ஆனால் புகழ்ச்சியைக் கழித்துப் படிக்க வேண்டும். கல்வெட்டில் கஞ்சன் என்று ஒருவரும் இறந்ததில்லை. கோயில் திருவிழா நோட்டீஸ், ஆடிவேல் உபயகாரர் பட்டியல், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, பழைய லைட் பில், ரேசன் புத்தகம், கடைக் கணக்குக் கொப்பி, இவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டையும் ஒரு வருடத்தையும் ஒன்றாகக் கட்டிவைக்கும். படங்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயரும் அங்கேதான்.

ஒன்றையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒரு அல்பத்தை இரவல் வாங்கி ஓட்டோவில் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. உரிமையாளரான அன்ரி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் தரவும் இல்லை. ஸ்கேனரைத்தான் வீட்டுக்கு வீடு கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. பல வீடுகளில் 1983 ஜூலைக் கலவரத்துக்கு முந்திய காகிதம் எதுவும் இருக்காது. ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். நீங்களும் கொழும்புக்காரர் என்றால் காரணம் தெரியும். அந்த வீடுகளில் பேச்சுதான் ஆவணம். இந்தியாவிலும் கனடாவிலும் உள்ள சொந்தக்காரரிடம் அதே கல்யாணப் படத்தின் இன்னொரு பிரதி இருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் கேட்டுப் பாருங்கள், எங்களுக்குப் பதினொரு படம் அப்படித்தான் திரும்பி வந்தது.

3. இலக்கத்தைப் பிடியுங்கள்

எட்டு மாதம் வீணானது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் தேடிய வீட்டுக்கு இன்றைய இலக்கம் 14. அந்த இலக்கத்தையும் ஒழுங்கையின் இன்றைய பெயரையும் எழுதிக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போனோம். 14ஆம் இலக்கத்தில் இருந்தவர்கள் என்று ஒரு குடும்பத்தின் பெயர் கிடைத்தது. அந்தக் குடும்பத்தைத் தேடி முகத்துவாரம் வரை போனோம். கடைசியில் பார்த்தால் அவர்கள் இருந்தது எதிர்ப்பக்கத்தில், இன்று வேறு இலக்கம் உள்ள வீட்டில். இடையில் இலக்கங்களை மாற்றியிருக்கிறார்கள். ஒழுங்கையின் பெயரும் பழைய காகிதங்களில் வேறாக இருந்தது.

கொழும்பில் இது எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது. புல்லர்ஸ் ரோட் இன்று பௌத்தாலோக மாவத்தை. டறட் ரோட் தர்மபால மாவத்தை. கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. நோறிஸ் ரோட் ஒல்கொட் மாவத்தை. பெரிய வீதிகளுக்காவது பழைய பெயரைச் சொல்ல ஆள் இருக்கிறது. ஒழுங்கைகளுக்கு இல்லை. அதனால் தேடலைத் தொடங்குமுன் கொப்பியில் ஐந்து நிரல் போடுங்கள்: இன்றைய இலக்கம், பழைய இலக்கம், இன்றைய வீதிப் பெயர், பழைய பெயர், அந்தத் தகவல் எந்தக் காகிதத்தில் கிடைத்தது. ஐந்தாவது நிரலை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு உங்கள் கொப்பியையே நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பழைய இலக்கத்துக்கு மிக நல்ல இடம் காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். உறுதியின் கடைசியில் அட்டவணை என்று ஒரு பகுதி வரும். காணியின் பெயர், மாநகர சபையின் வரிமதிப்பு இலக்கம், பல உறுதிகளில் "முன்னர் இன்ன இலக்கம்" என்ற குறிப்பு, நில அளவையாளரின் பெயர், வரைபட இலக்கம், தேதி, ஏக்கர், ரூட், பேர்ச் கணக்கில் பரப்பு, பிறகு நாலு எல்லை. அந்த நாலு எல்லையில் அயல்காணிக்காரரின் பெயர் இருக்கும். ஓர் உறுதியில் ஒருவர், பக்கத்து உறுதியில் அவருக்கு அடுத்தவர் என்று கோத்துக்கொண்டே போனால், ஒரு காலத்து ஒழுங்கை முழுவதும் பெயரோடு எழும்பி நிற்கும். பரப்பையும் குறித்துவையுங்கள். 160 பேர்ச் ஓர் ஏக்கர், 40 பேர்ச் ஒரு ரூட். பெயரும் இலக்கமும் மாறினாலும், துண்டு பிரிக்காதவரை பரப்பு அவ்வளவாக மாறாது. எங்களுக்கு அந்த எதிர்ப்பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுத்தது பரப்புத்தான்.

ஆனால் உறுதி என்ற சொல்லை முதல் சந்திப்பில் வாயால் எடுக்காதீர்கள். கொழும்பில் காணி உறுதியைப் பற்றி விசாரிக்கிற அந்நியனை யாரும் வரலாற்றாசிரியன் என்று நினைக்க மாட்டார்கள். புரோக்கர் என்று நினைப்பார்கள், அல்லது வழக்குப் போட வந்தவன் என்று. நாலைந்து முறை தேத்தண்ணி குடித்த பிறகு, அட்டவணைப் பக்கத்தை மட்டும் அவர்கள் கையில் வைத்திருக்கும்போதே பார்த்து எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். போனில் படம் எடுக்க வேண்டாம். இன்றைய உரிமை பற்றிய எதையும் வெளியிட வேண்டாம். இறந்த தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. கந்தோர் சுற்று

கையில் ஐந்து நிரல் கொப்பி இருந்தால் இனிப் போகலாம். எங்கே போனாலும் தேசிய அடையாள அட்டை, அதன் இரண்டு நிழற்பிரதி, நீங்கள் யார், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று அரைப் பக்கத்தில் ஒரு கடிதம், இவ்வளவும் பையில் இருக்கட்டும். கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்துவையுங்கள். தமிழில் சேவை பெறுவது உங்கள் உரிமைதான், ஆனால் இரண்டு மொழியில் கொடுத்தால் அன்றைக்கே வேலை நடக்கும். உங்கள் கோயிலோ பாடசாலையோ கடிதத் தலைப்பில் ஒரு சிபாரிசு தந்தால் இன்னும் நல்லது.

தேசிய சுவடிக்கூடம் கொழும்பு 7இல், பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. பழையவர்களுக்கு ரீட் அவெனியூ. 1640 முதல் 1796 வரையிலான ஒல்லாந்தர் கால ஆவணங்கள், பிரித்தானியர் கால நிர்வாக ஆவணங்கள், 1802இலிருந்து வந்த அரச வர்த்தமானி, பழைய பத்திரிகைகள் எல்லாம் இங்கே. வாசகராகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். பேனையை வீட்டில் விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். ஆவணங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். முதல் நாள் முழுவதையும் பட்டியல்களைப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். அன்று ஒன்றும் கிடைக்காது, பரவாயில்லை. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடுகளான தோம்புகளில் உடனே இறங்க ஆசை வரும். அந்தக் கையெழுத்தையும் மொழியையும் படிக்கத் தெரிந்தவர் உங்களில் இல்லையென்றால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு பத்திரிகைக்குப் போங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. மரண அறிவித்தல், கடை திறப்பு விளம்பரம், ஏல அறிவித்தல் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். தலைப்புச் செய்தியைப் படிக்கத் தொடங்கினால் நாள் போய்விடும். எனக்குப் பல நாள் அப்படிப் போனது.

அடுத்தது ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய சுற்று. 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையின் நூலகம், அதன் பக்கத்தில் தொல்பொருள் திணைக்களம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் பொது நூலகம், அதே வீதியில் மகாவலி நிலையக் கட்டடத்தில் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் நூலகம். எல்லாம் விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றியே இருக்கின்றன. இங்கே ஃபெர்குசன் டிரெக்டரி என்ற விலாசப் புத்தகத்தின் பழைய ஆண்டுத் தொகுதிகளைக் கேளுங்கள். நிறுவனங்களும் உத்தியோகத்தர்களும் விலாசத்தோடு இருப்பார்கள். பூக்காரரும் சலவைக்காரரும் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடினால் வாக்காளர் இடாப்புக்குப் போங்கள். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகு சாதாரண ஆட்களின் பெயர்களும் வீட்டு இலக்கத்தோடு பதிவாயின. அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் வாக்கை இழந்த இந்திய வம்சாவளியினர் பிந்திய இடாப்புகளில் இல்லை. பெயர் காணாமல் போனால் ஆள் வீட்டை விட்டுப் போனார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் அதே வீட்டில்தான் இருந்திருக்கக்கூடும்.

வரைபடம் வேண்டுமென்றால் நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களம். காணிப் பதிவகத்தில் உறுதிப் பதிவுகளின் பிரதி கேட்கலாம். எல்லோரும் எக்ஸ்ட்ராக்ட் என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டின் தொகுதி, பக்க எண் தெரிந்தால்தான் வேலை நடக்கும். அந்த எண் உறுதியின் மேல் முத்திரையில் இருக்கும். எண் இல்லாமல் போய் ஒரு கந்தோரில் மூன்று காலை நேரம் வரிசையில் நின்றேன், மூன்று முறையும் ஜன்னலில் அதே கேள்விதான். மாநகர சபையின் வரிமதிப்புப் பிரிவில் இலக்க மாற்றம் பற்றி எழுத்தில் கேட்கலாம். சபைக்குச் சோலைவரி என்ற வீட்டு வரி கட்டும் வீட்டுக்காரரே கூட வந்தால் வேலை லேசு.

தமிழ்ப் பொருட்களுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். சங்கம் 1942இல் தொடங்கியது. மலர்கள், ஆண்டறிக்கைகள் என்று கேளுங்கள். வீட்டிலிருந்தே பார்க்க நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கிறது, காசு இல்லை. கல்வெட்டுகளும் கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் அங்கே ஏராளம். உண்மையைச் சொன்னால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், நாங்கள் பத்தாவது மாதத்தில்தான் செய்தோம்.

தேவாலயப் பதிவேடுகளுக்கு அந்தந்தப் பங்குத் தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போய்க் கேட்காதீர்கள். கோயில் என்றால் தர்மகர்த்தா சபைச் செயலாளரைப் பிடியுங்கள். திருவிழாவுக்கு முந்திய மாதம் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கட்டணங்களை நான் எழுதவில்லை. 2022க்குப் பிறகு எல்லாம் ஏறிவிட்டது, நான் கட்டிய தொகையைச் சொன்னால் நீங்கள் ஏமாறுவீர்கள். எங்கள் கணக்கில் பெரும் பங்கு பயணத்துக்கும் பிரதி எடுப்பதற்கும் போனது. போகுமுன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இன்று வாசிப்பு அறை திறந்திருக்கிறதா, பிரதி ஒன்றுக்கு எவ்வளவு, சொந்தக் கமெராவுக்கு அனுமதி உண்டா.

5. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஊடகக்காரருக்கு மட்டும் உரியதல்ல. எந்தப் பிரஜையும் எந்த அரச நிறுவனத்திடமும் கேட்கலாம். உங்களுடையது சங்கமாக இருந்தால் அங்கத்தவரில் முக்கால்வாசிப் பேர் பிரஜைகளாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

விண்ணப்பம் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வராதீர்கள். கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள். "எங்கள் ஒழுங்கையின் வரலாறு தேவை" என்று எழுதினால் "எம்மிடம் இல்லை" என்று பதில் வரும், அது உண்மையும்கூட. "இன்ன ஒழுங்கையின் வரிமதிப்பு இலக்கங்கள் மாற்றப்பட்ட திகதியும், பழைய, புதிய இலக்கங்களின் பட்டியலும்" என்று கேளுங்கள்.

எடுத்த எடுப்பில் இதைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் போய்ப் பேசுங்கள். பதிவறையில் பல வருடம் இருக்கும் பியோன் ஒருவர் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவதை, படிவம் போட்டால் ஒரு மாதம் காத்திருந்து பெறுவீர்கள்.

6. பெரியவர்களோடு பேசுவது

வயதில் மூத்தவர் முதலில். இதில் முறை பார்க்க வேண்டாம், உறவு பார்க்க வேண்டாம். நாங்கள் பட்டியலில் நாலாவதாக வைத்திருந்த தாத்தா, மூன்றாவது பேட்டி முடியும் முன்பே காலமாகிவிட்டார்.

ஆண்டு கேட்காதீர்கள். "எந்த வருடம் இங்கே வந்தீர்கள்?" என்றால் குழம்பிப்போய் ஒரு வருடத்தைச் சொல்லி உங்களைச் சந்தோசப்படுத்துவார்கள். "வந்தபோது மூத்த பிள்ளை கைக்குழந்தையா? ட்ராம் ஓடியதா? பண்டாரநாயக்கா சுடப்பட்டபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சுடப்பட்டது 1959 செப்டெம்பர், அதிலிருந்து நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் வரைந்த ஒழுங்கைத் தாளை மடியில் வைத்து விரலால் காட்டச் சொல்லுங்கள். பேச்சு தானாக வரும்.

போனிலேயே பதிவு செய்யலாம். பறக்கும் முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து ஆறு மணி நேரம் போகும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வரும் கொழும்புப் பேச்சுக்கு இன்னும் கூட. அதனால் முழுவதையும் எழுத நினைக்காமல், எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று ஒரு சுட்டி மட்டும் உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பதிவைத் தொடங்குமுன் ஒரு பக்க அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். பெயரைப் போடலாமா, எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது, இறந்த பிறகு வெளியிடலாமா என்று மூன்று கேள்வி போதும். கலவரக் காலத்தைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாக இழுக்காதீர்கள். அயலாரைப் பற்றிக் குற்றம் சொல்லும் பகுதிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். குற்றம் சொல்லப்பட்டவரின் பேரன்தான் அடுத்த வாரம் உங்களுக்குக் கதவு திறக்கப் போகிறவர்.

7. ஸ்கேன், சேமிப்பு

கடிதம், நோட்டீஸ் என்றால் 300 டிபிஐ, படம் என்றால் 600 டிபிஐ. மூலக் கோப்பை டிஃப் வடிவில் வையுங்கள், பகிர ஜேபெக் போதும். அல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்பின் பெயரில் வீட்டு இலக்கம், தேதி, வரிசை எண் இருக்கட்டும். "அன்ரி வீட்டுப் படம் புதுசு 2" என்ற பெயரில் என்னிடம் இன்றும் ஒரு கோப்பு இருக்கிறது. எந்த அன்ரி என்று தெரியவில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு வீட்டில். இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கிளவுட் கணக்கும் போதும். செலவில் கைவைக்கக் கூடாத இடம் இது. ஸ்கேனரைப் பழையதாக வாங்கலாம், ஹார்ட் டிஸ்க்கைப் பழையதாக வாங்காதீர்கள்.

உரியவர்களுக்கு ஓர் அறிவுரையும் சொல்லிவிட்டு வாருங்கள். லெமினேட் பண்ண வேண்டாம், செலோடேப் வேண்டாம், பூச்சி உருண்டை போட வேண்டாம். சுவரோடு ஒட்டிய அலுமாரியில் கறையானும் இராமபாணப் பூச்சியும் வரும், நாலு விரல் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நனைந்த காகிதத்தை இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால் பொலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். வெயிலில் போடக் கூடாது.

8. சங்கமாகப் பதிவதா?

முதல் வருடம் வேண்டாம். நாங்கள் ஆறாவது மாதத்தில் கூட்டம் கூட்டினோம். தலைவர் பதவிக்கு மூன்று பேர், ஸ்கேன் பண்ண ஒருவரும் இல்லை. நாலு மாதம் யாப்பு எழுதுவதிலேயே போயிற்று.

வங்கிக் கணக்கு தேவைப்படும்போது, அல்லது ஏதாவது நிறுவனத்திடம் உதவி கேட்கும்போது பதியுங்கள். சிறிய அமைப்புக்கு வழக்கமான வழி 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கொழும்பு நகரத்துக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவு இருக்கிறது. எது உங்களுடையது என்று முதலில் கிராம சேவகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாப்பு, உத்தியோகத்தர் பட்டியல், அடையாள அட்டைப் பிரதிகள், தொடக்கக் கூட்ட அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். எல்லாவற்றிலும் சங்கத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒரு காகிதத்தில் "மரபுரிமைச் சங்கம்", இன்னொன்றில் "மரபுச் சங்கம்" என்று இருந்ததால் எங்கள் ஃபைல் திரும்பி வந்தது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். ஆனால் வருடாவருடம் கணக்காய்வும் செயலாளர் கட்டணமும் உண்டு. ஐந்து பேருக்கு அது தேவையில்லாத வேலை.

9. கட்டடத்தைக் காப்பாற்ற ஆசை வந்தால்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குப் பிந்திய கட்டடமானாலும் நூறு வருடம் கடந்திருந்தால் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க இடம் உண்டு. தொல்பொருள் திணைக்களத்துக்குப் படங்களோடும், வயதைக் காட்டும் ஆவணங்களோடும் எழுதலாம்.

என் சொந்த அபிப்பிராயம், வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அவருக்கு அது கூரை ஒழுகுகிற, விற்க வேண்டிய வீடு. நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள் என்ற செய்தி பரவினால் ஒழுங்கையில் மிச்ச வீடுகளும் உங்களுக்குப் பூட்டிக்கொள்ளும். இடிக்கத்தான் போகிறார்கள் என்றால், இடிக்குமுன் இரண்டு நாள் கேளுங்கள். ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்து படம் எடுங்கள், சுவரின் தடிப்பை அளவெடுங்கள், ஓட்டின் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள், ஒரு கதவுப் பிடியாவது கேட்டு வாங்குங்கள். துறைமுகப் பக்கத்தில் படம் எடுப்பதானால் முன்கூட்டியே கேட்டுவிட்டு எடுங்கள்.

பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விரும்பும் சொந்தக்காரர் இருந்தால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டத்தின் கீழ் அனுமதி தேவைப்படலாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டுநாயக்காவில் போய் நின்று தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை அது.

10. வெளியிடுவதும் ஒப்படைப்பதும்

படம் உங்கள் கையில் இருப்பதால் அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும். ஸ்டூடியோ இன்னும் நடக்கிறதென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய சஞ்சிகைக் கட்டுரையை அப்படியே தட்டிப் போடாதீர்கள்.

புத்தகமாகப் போடுவதானால் ஐஎஸ்பிஎன் எண்ணை சுதந்திர அவெனியூவில் உள்ள தேசிய நூலகத்தில் பெறலாம். அச்சுக்குப் போக ஒரு மாதத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். முன்னூறு பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள். எங்கள் கட்டிலுக்கு அடியில் இன்னும் நாலு பெட்டி இருக்கிறது. புத்தகம் பிறகு வந்தாலும் பரவாயில்லை. ஸ்கேன் கோப்புகளின் ஒரு தொகுதியை நூலகம் நிறுவனத்துக்கும், அச்சுப் பிரதி ஒன்றைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கொடுத்துவிடுங்கள். உரிய வீட்டாருக்கு அவர்களுடைய படங்களை ஒரு பென் ட்ரைவில் போட்டுக் கொடுங்கள். அந்தப் பென் ட்ரைவுக்குப் பிறகுதான் அந்த அல்பம் அன்ரி எனக்குத் திரும்பவும் கதவு திறந்தார்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடங்குவதற்குத் தை, மாசி நல்லது. மழை குறைவு, காகிதத்தில் ஈரம் குறைவு. சித்திரையில் வருடப் பிறப்பு விடுமுறை வரும், கந்தோர் வேலை மெதுவாகத்தான் நடக்கும். வைகாசியும் ஐப்பசி, கார்த்திகையும் மழை, ஸ்கேனரோடு ஓட்டோவில் ஏற வேண்டாம். போயா தினங்களை மட்டும் இப்போதே நாட்காட்டியில் வட்டம் போட்டுவையுங்கள். அன்று எல்லாக் கந்தோரும் பூட்டு, ஆனால் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளும் இருப்பார்கள், அலுமாரிச் சாவி எங்கே என்று தெரிந்த மருமகளும் இருப்பாள்.